தொண்ணூற்றொன்பது வருஷக் கல்யாணம்

போன வாரம் சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற திண்டுக்கல் அலுவலகத்தில் இப்போது டெஸ்டிங் பிரிவைக் கவனிப்பவள் அவள்தான். நல்ல பெண், கெட்டிக்காரி, அவசரக்காரி.

“அக்கா, ‘ரோசி’ன்னு ஒரு டெஸ்ட் இருக்குல்ல, அதைத் தூக்கிரலாமான்னு பாக்குறோம். எப்பப் பாத்தாலும் பாஸுன்னு பச்சையாத்தான் வருது. சும்மா நேரத்தைத் தின்னுது. ஆமா, யாருக்கா அந்த ரோசி?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அடுப்புல வெஞ்சனம் கெடக்கு, செத்த நேரம் கழிச்சுக் கூப்புடு” என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ரோசியைத் தூக்குகிறார்களாம். தூக்குவதற்கு முன்னால் அவள் யார் என்று கேட்கத் தோன்றியதே, அந்தமட்டுக்கும் சரி. சுகன்யாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தவை எல்லாம் சென்னையில் யாரோ கழித்துக் கட்டிய மெஷின்கள். உள்ளே தேதியைக் காப்பாற்றுகிற சின்ன பேட்டரி எதிலும் உயிரோடு இல்லை. காலையில் சுவிட்சைப் போட்டால் எல்லாம் 1980 ஜனவரி ஒன்றாம் தேதிக்குத்தான் கண் விழிக்கும். அந்தக் காலத்து பிளாப்பிக்கு அதற்கு முந்தைய தேதி ஒன்று உலகத்தில் இருந்ததே தெரியாது. மத்தியானம் கரண்ட் போய் வந்தால் மறுபடியும் ஜனவரி ஒன்று. எங்கள் சென்டரில் தினமும் இரண்டு தடவை புத்தாண்டு. ஒரு பையனுடைய புராஜக்ட் ஃபைல், அவன் பிறப்பதற்கு முன்பே எழுதி முடித்ததாகத் தேதி காட்டியது. பரீட்சைக்கு வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, ரொம்ப சீக்கிரமே முடிச்சிட்டான்” என்று சொல்லி மார்க் போட்டுவிட்டுப் போனார்.

நான் அதற்காக ஒவ்வொரு மெஷினிலும் காலையில் தேதி அடித்துவிட்டுத்தான் வகுப்பை ஆரம்பிப்பேன். இதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தவர்தான் இன்னாசி சார். பிரிண்டர் ரிப்பேருக்கு வந்திருந்தார். “ஒரு பேட்டரி என்ன வெலை விக்கிது, நீ ஏன் அப்பு தெனமும் காலத்தோட மல்லுக்கட்டுற?” என்று கேட்டார். ஓனர் வாங்கித் தரமாட்டார் என்றேன். “அப்ப எங்கிட்ட வா. எனக்கு மல்லுக்கட்டுற ஆளுதான் வேணும்” என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

நாகல்நகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே மல்லி மிளகாய் வாடை, மேலே நாங்கள் தும்மிக்கொண்டே டெஸ்டிங். வெளியூர்க் கம்பெனிகள் செய்கிற டிஸ்க், அதில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கிற ஃபைல் சிஸ்டம், இதையெல்லாம் வாங்கி, எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் தொழில். உருப்படியாக ஒன்றும் செய்யாமல் அடுத்தவன் செய்ததில் குற்றம் சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் எனக்குக் கசக்குமா?

இன்னாசி சார் ரேடியோ மெக்கானிக்காக இருந்து வந்தவர். ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் ‘அப்பு’ என்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தமாட்டார். நாம் ஓடிப்போய், “சார், பாஸாயிருச்சு” என்று சொன்னால் முகத்தைக் கூடத் திருப்பாமல் ஒரே கேள்விதான் கேட்பார்.

“கழட்டி மாட்டிப் பாத்தியா?”

இல்லை என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. நாம் திரும்பப் போய் டிஸ்க்கைக் கழட்டி மாட்டிவிட்டுத்தான் அவர் முன்னால் நிற்கவேண்டும். கழட்டுவது என்றால் ஸ்குரூடிரைவர் வேலை இல்லை, மெஷினிடம் ‘இந்த டிஸ்க்கை மறந்துவிடு’ என்று கட்டளை கொடுத்து, பிறகு புதிதாக ‘இதைப் படி’ என்று கொடுப்பது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் தன் ஞாபகத்தில் இருந்து பதில் சொல்லும், டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காது. “அது ஞாபகத்துல இருந்து வாயடிக்கும் அப்பு. எழுதுனத எடுத்துக் காட்டச் சொல்லு” என்பார்.

தேதி சோதனை அவருக்கு உயிர். ஒவ்வொரு ஃபைலின் நெற்றியிலும் தேதிகள் ஒட்டியிருக்கும், எப்போது எழுதியது, எப்போது கடைசியாகத் திறந்தது என்று. டிஸ்க்கில் அந்தத் தேதிக்கு ஒதுக்கிய இடம் ஒரு அளவுதான். பெரும்பாலான ஃபைல் சிஸ்டம்கள் அன்றைக்கு 1970-இல் இருந்து நொடிகளை எண்ணி அந்த இடத்தில் எழுதிவைத்தன. 2038 ஜனவரியில் ஒரு நொடியோடு அந்த இடம் நிரம்பிவிடும். அடுத்த நொடி என்ன ஆகும்? ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண் எல்லா ஒன்பதும் தாண்டியதும் சுழியத்துக்குப் போகிறதே, அந்த மாதிரி தாங்குகிற முதல் தேதிக்கு, 1901-க்குப் போய்விடும். 1970-க்கு முந்தைய காலத்துக்கும் அதே இடத்தில் பாதி ஒதுக்கியிருந்தார்கள்.

ஆகவே சோதனை இப்படி. அந்த ஃபைல் சிஸ்டம் தாங்குகிற முதல் தேதியில் ஒரு ஃபைல், அதற்கு ஒரு நொடி முன்னால் ஒன்று, கடைசித் தேதியில் ஒன்று, அதற்கு ஒரு நொடி பின்னால் ஒன்று. தேதியை ஒட்டு, படி, கழட்டு, மாட்டு, மறுபடி படி. எல்லைக்கு வெளியே போன தேதிக்கு இரண்டு பதில்தான் நியாயம். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எல்லையிலேயே நின்றுகொள்ளவேண்டும். மூன்றாவதாகத் தானே ஒரு தேதியைக் கற்பனை செய்து காட்டினால் அது ஃபெயில். ஒரு ஃபைல் சிஸ்டத்தின் எல்லை எதுவென்று தெரியாமல் அதைச் சோதிக்கவும் கூடாது. அது எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேட்டு, அதற்கேற்ற கேள்வியைப் போடவேண்டும்.

2006-இல் பெங்களூரில் இருந்து ஒரு பெட்டி வந்தது. படம், பத்திரம் எதையும் பத்திரமாகப் பூட்டிவைக்கிற பெட்டி. ஒரு ஃபைலைப் போட்டு ‘இத்தனை வருஷம்’ என்று அடித்தால், அந்தக் காலம் முடியும்வரை நீங்களே நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. காலம் முடிந்ததை, பெட்டி ஒவ்வொரு தடவை சுவிட்சு போட்டு எழும்போதும் தானே கூட்டித் தள்ளிவிடும். அழிக்கக்கூடாத கடைசித் தேதியை எங்கே எழுதிவைக்கிறது என்று பார்த்தேன். வேறெங்கே, அதே நெற்றியில்தான். கடைசியாகத் திறந்த தேதி இருக்கவேண்டிய இடத்தில்.

வருஷம் அடிக்கிற கட்டத்தில் இரண்டு இலக்கம் போடலாம். தொண்ணூற்றொன்பது போட்டேன். 2105 என்று அழகாகக் காட்டியது. கழட்டி மாட்டினேன். 1969 என்றது. 2038-க்கு மேல் மிஞ்சிய வருஷங்களை 1901-இல் இருந்து எண்ணிய கற்பனைத் தேதி. போதாக்குறைக்கு, அணைத்துப் போட்டதும், போன நூற்றாண்டிலேயே காலாவதி ஆனது என்று சொல்லி ஃபைலையே கூட்டித் தள்ளிவிட்டது. அதாவது எதை ரொம்ப நாள் வைத்திருக்கச் சொல்கிறோமோ அதை முதலில் அழிக்கிற பெட்டி.

விலாவாரியாக எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. “எங்கள் வாடிக்கையாளர்கள் ஏழு வருஷம் போடுவார்கள், அதிகபட்சம் முப்பது. தொண்ணூற்றொன்பது யாரும் போடமாட்டார்கள். இந்தப் புகாரை மூடிவிடுகிறோம்.” பெங்களூர் மேலாளர் கையெழுத்து. முப்பது வருஷம் என்றால் 2036, எல்லைக்கு இந்தப் பக்கம். அவர்களுடைய சோதனை எல்லாம் பச்சை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

இன்னாசி சார் அதை இரண்டு தடவை படித்தார். கிராம்பை இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

“யாருமே போடமாட்டாகளாம்ல. நம்ம ஊருல இந்தப் பெட்டி யாருட்டயாச்சும் இருக்கா அப்பு?”

இருந்தது. பழனி ரோட்டில் பால்பாண்டியின் ஸ்டூடியோவில். வெள்ளோட்டத்துக்கு என்று பெங்களூர்க்காரர்கள் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள், அவரைச் சிபாரிசு செய்தது நான்தான். சாரின் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

ஆவணி முகூர்த்தம் முடிந்த நேரம். பால்பாண்டி அந்த வருஷம்தான் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியிருந்தார். படம் பிடிப்பது அவர். படத்தைத் திருத்தி, பெட்டியில் ஏற்றி, ஆல்பத்துக்கு அனுப்புவது அவர் மனைவி முத்துலட்சுமி. கடையே அவள் கையில்தான் நடந்தது.

“முத்து, பெட்டியில படம் ஏத்துறப்ப எத்தனை வருசம்னு கேக்குமே, நீ என்ன போடுவ?” என்று கேட்டேன்.

“தொண்ணூத்தொம்பதுக்கா.”

“எல்லாத்துக்குமா?”

“ஆமா. நெரந்தரமான்னு போட அதுல பொத்தான் இல்லையே. நம்ம பக்கம் நெரந்தரம்னா தொண்ணூத்தொம்பதுதானக்கா? இந்தக் கடை எடம் கோயில் எடம், தொண்ணூத்தொம்பது வருசக் குத்தகை. எங்க மாமனாரு வீடும் அப்படித்தான். அதே கணக்குல போட்டுட்டேன்.”

ஏழு வருஷம் போடுகிற ஊர்க்காரனுக்கு இது தோன்றவே தோன்றாது. எங்கள் ஊரில் அரசு நிலம், கோயில் நிலம், மில் நிலம், எதைக் கேட்டாலும் தொண்ணூற்றொன்பது. அது எங்களுக்கு எண்ணே இல்லை, ‘என்றைக்கும்’ என்பதற்கு இன்னொரு பேர்.

“வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?” என்றேன்.

“எதுக்கு? இதுதான் அழியவே அழியாதுன்னு சொன்னாகளே. கார்டை அழிச்சு அழிச்சுத்தான் அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனோம்” என்றார் பால்பாண்டி. “ஆல்பம் ஒண்ணுகூட இன்னும் குடுக்கலை. சீசன் பூராவும் உள்ளதான் இருக்கு.” பிறகு சாதாரணமாகச் சொன்னார். “நல்ல நேரத்துல வந்தீக சார். நாளைக்குப் பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டுருக்கான், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு வராது. அதான் இப்பவே அமத்திட்டு, செத்தத் தூசி தட்டி வைப்போம்னு இருந்தேன்.” கை சுவிட்சுப் பக்கம் போனது.

“கைய எடு அப்பு.”

இன்னாசி சார் கத்தி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். பால்பாண்டி பயந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கழட்டி மாட்டச் சொன்ன மனிதர், அந்தப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். போன மாதப் பராமரிப்பு முடிந்த மறுநாள்தான் அந்தப் பெட்டி அங்கே வந்திருந்தது. யூபிஎஸ் புண்ணியத்தில் அதுவரை ஒரு தடவைகூட அணையவில்லை. அது இன்னமும் ஞாபகத்தில் இருந்தே 2105 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டால் எழுதினதைப் படிக்கும், 1969 என்று சொல்லும், அத்தனை கல்யாணத்தையும் கூட்டித் தள்ளிவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் முத்துலட்சுமி அழவில்லை. முகம்தான் வெளுத்துப்போனது. “அய்யலூர் கல்யாணம் ஒண்ணு இருக்குக்கா. அந்தப் பொண்ணோட அப்பா சந்தையில ஆட்டு யாவாரி. தெனமும் வந்து ஆல்பம் எங்கன்னு கேட்டுட்டுப் போறாரு. அவருகிட்டப் போயி, கம்ப்யூட்டரு தின்னுருச்சுன்னு சொல்ல முடியுமா? கடையை நாளைக்கே பூட்ட வேண்டியதுதான்” என்றாள். அவள் சொன்னது நிஜம். ஒரு கல்யாணத்தைத் தொலைத்த ஸ்டூடியோவுக்கு எங்கள் ஊரில் மறு கல்யாணம் கிடையாது.

அலுவலகத்தில் இருந்த மெஷின்களை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, பெட்டியில் இருந்து காப்பி எடுக்க ஆரம்பித்தோம். நத்தை வேகம். மறுநாள் கரண்ட் போவதற்குள் பாதி கூட முடியாது என்று தெரிந்துவிட்டது. யூபிஎஸ் அரைமணி தாங்கினால் பெரிய விஷயம்.

“ஏம்ப்பா பால்பாண்டி, மண்டபத்துல கரண்டு போனா என்ன பண்ணுவாக?” என்று கேட்டார் சார்.

மறுநாள் காலை பழனி ரோட்டில், ஸ்டூடியோ வாசலில், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டு நின்றது. கொண்டுவந்த ஆள் பழக்கதோஷத்தில் ஒரு சீரியல் லைட் சரத்தையும் வாசலில் மாட்டிவிட்டான். தெரு முழுக்க இருட்டுக் கடைகள், எங்கள் கடை மட்டும் பச்சையும் சிவப்புமாக மினுக்கியது. கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. வயரை மாற்றிச் செருகி அது வாயை மூடும்வரை நான் மாதாவைக் கூப்பிட்டேன், முத்துலட்சுமி மாரியம்மனைக் கூப்பிட்டாள். யார் வந்தார்களோ, பெட்டி அணையவில்லை.

பத்து மணிக்கு அய்யலூர்க்காரர் வந்துவிட்டார். ஜெனரேட்டரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், உள்ளே நாங்கள் வரிசையாக மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

“என்னப்பா, இங்க யாருக்குக் கல்யாணம்?”

“ஒங்க மகளுக்குத்தான்யா” என்றார் இன்னாசி சார். “மறுபடியும் நடந்துக்கிட்டுருக்கு. ஒக்காருங்க, மாப்பிள்ளை இப்பத்தான் தாலி கட்டுறாரு.”

உண்மையிலேயே அந்த நேரம் திரையில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மகள் கல்யாணத்தை முதலில் இருந்து கடைசிவரை பார்த்தார். பந்தியில் தன் தம்பிக்குப் பாயசம் போடாமல் போனதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். கிளம்பும்போது, “ஆல்பத்துக்கு அவசரமில்ல, பதனமாப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல் கடைசிப் படமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மெஷினாகக் கழட்டி மாட்டிப் பார்த்தோம். எல்லாம் இருந்தது. முத்துலட்சுமி அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

இத்தோடு விட்டிருந்தால் பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சார் போனில், “ஒரு நடை வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார். பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தோம். அந்த மேலாளர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கினார். அதற்கு முன்னால் சார் தன் வீட்டுச் சுவரில் இருந்த கருப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, தொண்ணூற்றொன்பது என்று அடித்து உள்ளே போட்டிருந்தார். சாரும் ரோசி டீச்சரும், கழுத்தில் ரோஜா மாலை. ரோசி டீச்சர் அவர் மனைவி, பள்ளிக்கூட வாத்தியார்.

“இது எங்க கல்யாணம் சார். நல்லாப் பாத்துக்கங்க. இப்ப நீங்களே அமத்திப் போடுங்க.”

மேலாளர் அணைத்தார். போட்டார். பெட்டி எழுந்தது, விளக்கு நிதானமாக மினுக்கியது. திறந்து பார்த்தால் காலி. மணமேடை, மாலை, பந்தி, ரோசி டீச்சர், ஒன்றும் இல்லை. காப்பி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் எங்களுக்குத் திக்கென்றது. மேலாளருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “ஒத்துக்கறேன். ஆனா, நீங்க முப்பதுன்னு போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?” என்றார்.

வாயைத் திறந்தவள் முத்துலட்சுமிதான். “ஏன் சார், கல்யாணத்துக்குப் போயி முப்பது வருசம்னு யாராச்சும் போடுவாகளா?”

மூடிய புகாரை மேலாளரே திறந்தார். அடுத்து வந்த பெட்டியில், தாங்காத தேதியைப் போட்டால் ‘இவ்வளவுதான் முடியும்’ என்று முன்கூட்டியே சொல்லி நின்றுகொண்டது. அந்தச் சோதனைக்கு நான்தான் ‘ரோசி’ என்று பேர் வைத்தேன். அது ஓடும்போது உள்ளே போகிற ஃபைல் அந்தக் கல்யாணப் படம்தான். “ஒவ்வொரு மொறையும் எம் பொண்டாட்டியப் பலி குடுக்குறீகளேப்பா” என்று சார் சிரிப்பார். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய அந்த ஒரே கேள்வியைக் கேட்க இப்போது ஆள் இல்லாதது எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

இவ்வளவையும் யோசித்து முடித்துவிட்டு நானே சுகன்யாவுக்குப் போன் செய்தேன்.

“பச்சையா வருதுன்னியே, கழட்டி மாட்டிப் பாத்தியா?”

“அந்த ஸ்டெப்பு ரொம்ப நேரம் எடுக்குதுன்னு எடுத்துட்டோம்க்கா. புது ஃபைல் சிஸ்டம்தானே, இது இன்னும் நானூறு வருசம் தாங்கும்.”

“தாங்கட்டும். அந்த ஸ்டெப்பப் போட்டுட்டு ஓட்டிப் பாரு. பெரிய டிஸ்க்கு, சின்ன டிஸ்க்கு, ரெண்டுலயும். சின்னதுல தேதிக்குன்னு விடுற எடத்தைச் சுருக்கிருவாக.”

நான் நிஜமாகவே அடுப்பில் வெஞ்சனம் வைத்து, அது வேகும் நேரத்துக்குள் போன் வந்துவிட்டது.

“அக்கா, செவப்பு. பெரிய டிஸ்க்குல சரியா இருக்கு. சின்ன டிஸ்க்குல தேதியைப் பழைய அளவு எடத்துலயே எழுதியிருக்கு. படம் போயிருச்சு. இந்தப் பெட்டி அடுத்த வாரம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு, பொறக்குற புள்ளைக பதிவை வைக்கப் போறதா இருந்துச்சுக்கா. நிறுத்தச் சொல்லிட்டேன்.”

ரோசி டீச்சர் ரெட்டியார்சத்திரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம், நினைவு கூர்மை. அன்று சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன்.

“டீச்சர், ஒங்க கல்யாணப் படம் இன்னைக்கு மறுபடியும் அழிஞ்சு போச்சு.”

“போகட்டும், போகட்டும்” என்றார் டீச்சர். “இந்தத் தடவ யாரு வீட்டுது தப்பிச்சுச்சு?”